பிள்ளை நடக்கும் தூரம்

(டி. கல்லுப்பட்டியில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டம் ஆரம்பிக்கும் முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். "சார், வர்ற ஜூன்ல மதுரைக்குக் குடி போயிரலாம்னு இருக்கோம். மூத்தவ ஆறாவது போறா, இளையவன் ஒண்ணாவது. எந்த ஏரியா நல்ல ஏரியா?" என்று கேட்டார். நின்ற இடத்திலேயே ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை நானும் கேட்டேன். நாலு பேரைக் கேட்டேன், நாலு ஏரியா சொன்னார்கள். அதில் ஒருவர்கூட, "உங்க பிள்ளை காலையில பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகும்?" என்று திருப்பிக் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. இன்றைக்குப் பேச வந்திருப்பது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

நாங்கள் முதலில் பிடித்த வீடு பைபாஸ் ரோட்டின் மேல், முதல் மாடி. இரண்டு படுக்கையறை, கிரானைட் தரை, குழாயைத் திறந்தால் தண்ணீர். மகள் மூன்றாம் வகுப்பு. பெயர் பெற்ற ஒரு பள்ளியில் சீட் கிடைத்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம். காலை ஏழேகாலுக்கு வேன் வரும். கடைசியாக ஏறுகிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குப் பள்ளி. சாயங்காலமும் அதே முக்கால் மணி நேரம்.

வீட்டுக்கு முன்பக்கம் ஒரு ஜன்னல், கீழே ரோட்டைப் பார்த்த மாதிரி. ஒரு தீபாவளிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "சார், இந்த ரெண்டு கம்பியில மட்டும் பெயிண்டே இல்லையே, ஏன்?" என்று கேட்டார். கிட்டப் போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து மூன்றடி உயரம். இரண்டு கம்பிகளிலும் ஒரு கைப்பிடி அளவுக்குப் பச்சைப் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளவென்று இருந்தது. என் மகள் சாயங்காலம் நின்று பிடித்துக்கொண்டிருந்த இடம் அது. கீழே இறங்கினால் லாரி. ஆகவே அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள், இரண்டு வருடமாக.

அப்போது நான் நம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். தினமும் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். அந்த வாரம் என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழியை வரையச் சொன்னேன். புளியமரம் வந்தது. கண்மாய்க் கரை வந்தது. வெறிநாய் நிற்கிற சந்து என்று ஒருவன் சிவப்புப் பென்சிலில் வட்டம் போட்டிருந்தான். பரோட்டாக் கடை, பஞ்சாயத்து டிவி அறை, ஒரு பையனுக்கு அத்தை வீடு, இன்னொருத்திக்கு அப்பத்தா மோர் விற்கிற மூலை. தாள் பத்தவில்லை என்று பின்பக்கமும் வரைந்தார்கள். ராத்திரி வீட்டுக்குப் போய் என் மகளிடமும் ஒரு தாள் கொடுத்தேன். அவள் மூன்று பெட்டி வரைந்தாள். ஒன்று வீடு, ஒன்று வேன், ஒன்று பள்ளி. நடுவில் இரண்டு கோடு.

நல்ல வீடு, நல்ல பள்ளி இரண்டுமே அவளுக்கு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஊர்தான் இல்லை.

கணக்காகவும் பார்த்தேன். போக வர ஒன்றரை மணி நேரம். வருடத்துக்கு 210 நாள் பள்ளி என்றால் 315 மணி நேரம். ஒரு பிள்ளை விழித்திருக்கும் நேரம் நாளுக்கு 14 மணி என்று வையுங்கள். வருடத்தில் 22 நாள் முழுசாக வேனுக்குள் போகிறது. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை என்றால் கிட்டத்தட்ட ஒன்பது மாதம். வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று தூரத்தில் வீடு பிடிக்கிறோம். அந்த ஆயிரத்தை யார் கட்டுகிறார்கள் என்று இந்தக் கணக்குச் சொல்லும்.

இந்த ஊரில் நின்று இதைப் பேசும்போது ஜே.சி. குமரப்பாவை நினைக்காமல் இருக்க முடியாது. 1940இல் கோ. வெங்கடாசலபதி இங்கே தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்துக்குத்தான் அந்தப் பெரிய பொருளாதார அறிஞர் தம் கடைசிக் காலத்தில் வந்து குடியிருந்தார். 1960 ஜனவரி 30ஆம் தேதி, காந்தி மறைந்த அதே நாளில், காலமானார். லண்டனில் கணக்காயர் படிப்பு, அமெரிக்காவில் பொருளாதாரம், பம்பாயில் தொழில் என்று இருந்தவர். உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் வீடு பிடித்திருக்கலாம். கல்லுப்பட்டியில் ஒரு சின்ன வீட்டைத் தேர்ந்தெடுத்தார். வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிப்பதையே அவர் ஏற்கவில்லை. சிக்கலானது, எளிமையானது என்று பிரிப்பதுதான் பொருந்தும் என்று எழுதினார். பிள்ளையோடு வீடு தேடுகிற எவருக்கும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. பால் வாங்க வண்டி, டியூஷனுக்கு வண்டி, விளையாட வண்டி, நண்பனைப் பார்க்க வண்டி என்றால் அது சிக்கலான வாழ்க்கை. இவை எல்லாம் நடந்து முடிந்தால், வாடகை எவ்வளவானாலும், அது எளிமையான வாழ்க்கை.

இது ஊர்ப்பாசத்தில் சொல்வதில்லை. வெளியூர்களில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் டொனால்ட் ஆப்பிள்யார்டு என்பவர் 1970ஐ ஒட்டி மூன்று தெருக்களை ஆராய்ந்தார். மூன்றும் ஒரே மாதிரித் தெருக்கள், ஓடுகிற வண்டிதான் வித்தியாசம். ஒன்றில் ஒரு நாளைக்கு 2,000 வண்டி, இன்னொன்றில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஓர் ஆளுக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை, 0.9. தெருவில் எது வரைக்கும் 'நம்ம இடம்' என்று கேட்டதற்கு, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் காட்டினார்கள். வண்டி மிகுந்த தெருக்காரர்களுக்குத் தங்கள் கட்டடத்தோடு முடிந்துவிட்டது.

இன்னொன்று நமக்கு இன்னும் பக்கம். 1970களில் கெவின் லிஞ்ச் என்ற நகரவியல் அறிஞர் நாலு நாட்டுப் பிள்ளைகளிடம் தங்கள் இடத்தை வரையச் சொல்லிக் கேட்டார். ஆமாம், நான் செய்த அதே வேலையை அவர் எத்தனையோ வருடம் முன்னாலேயே செய்திருக்கிறார், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1990களில் அதே ஆய்வை மறுபடியும் பல நாடுகளில் செய்தபோது பெங்களூரின் சத்யா நகர் என்ற குடிசைப் பகுதியையும் சேர்த்தார்கள். தண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் தங்கள் இடத்தைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசினார்கள். கூடப் பழக நண்பர்கள், சுற்றித் திரிய இடம், முகம் தெரிந்த பெரியவர்கள், கூடிச் செய்ய நல்லது கெட்டது. வறுமை நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. தண்ணீரும் சாக்கடையும் அவர்களுக்கு வேண்டும்தான். ஆனால் காசு இருக்கிற நாம், காசு கொடுத்துப் பிள்ளைக்கு எதை வாங்குகிறோம், எதை விற்றுவிடுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

சரி, மதுரைக்கு வருவோம்.

மதுரை சதுரத்துக்குள் சதுரமாகக் கட்டிய ஊர். கோவிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோதுதான் வெளி வீதிகளும், அந்த வேலையைச் செய்தவர்கள் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் உண்டாயின. இந்தச் சதுரத்துக்குள் நடந்தே எல்லாம் முடியும். அங்கேதான் காம்பவுண்டு வீடுகள் இருக்கின்றன.

காம்பவுண்டு வீட்டில் இருந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் தெரியும். தெருவிலிருந்து ஒரே ஒரு வாசல். உள்ளே நீளமாக ஒரு நடை, ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். இரண்டு பக்கமும் எட்டு, பத்து வீடு. கடைசியில் தண்ணீர்க் குழாய், அடிபம்பு, கக்கூஸ். எங்கள் இரண்டாவது வீடு அப்படி ஒரு காம்பவுண்டில், தெற்கு மாசி வீதிக்குப் பக்கம். மகளை வேனிலிருந்து எடுத்து, நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளியில் சேர்த்தோம். பெயர் பெற்ற பள்ளியை விடுகிறோமே என்று சொந்தக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். ஆனால் ஒரே மாதத்தில் அவள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமிருந்து சௌராஷ்டிர மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வந்தாள். மூன்றாம் வீட்டில் தறிக்கு நூல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் வேலையிலிருந்து திரும்ப ஏழு மணி ஆனாலும் கவலையில்லை, ஏதோ ஒரு வீட்டில் காப்பி குடித்திருப்பாள். நடையின் இரண்டு முனையிலும் பெரிய மனுஷிகள் உட்கார்ந்திருப்பார்கள். தெரியாத ஆள் உள்ளே வந்தால், "யாரு, யாரைப் பாக்கணும்?" என்று ஒரு குரல் வரும். எந்தக் கேமராவும் அந்தக் குரலுக்கு ஈடில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். குழாயடிச் சண்டை உண்டு. வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பொதுக் கழிப்பறை பெரிய கஷ்டம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு போனதும் அதற்காகவே வேறு வீடு பார்த்தோம், அதே தெருவில் நாலு வீடு தள்ளி. தெருவை மட்டும் மாற்றவில்லை. சின்னப் பிள்ளைக்கு ஏற்ற வீடு வேறு, பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு ஏற்ற வீடு வேறு. ஒரே வீட்டில் இருபது வருடம் இருந்தாக வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு தேடுகிறவர்கள் சொந்த வீட்டுக் கடனில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். பிள்ளை பன்னிரண்டு முடிக்கிற வரைக்கும் வாடகை வீடே நல்லது என்பது என் அபிப்பிராயம். தேவைக்கு ஏற்ப நகரலாம்.

வைகைக்கு வடக்கே போனால் வேறு உலகம். 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்த பிறகு மெல்ல வளர்ந்த பக்கம் அது. கே.கே. நகர், அண்ணா நகர் போல மனை பிரித்துக் கட்டிய இடங்களில் தெரு அகலம், பூங்கா உண்டு, மரம் உண்டு, வாடகையும் உண்டு. அங்கே ஒரு தெரு உள்ளே தள்ளி வீடு கிடைத்தால் பிள்ளைகளுக்குச் சுகம். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குப் பழங்காநத்தம், பசுமலை, ஹார்விபட்டி, திருநகர் வரிசை கையெட்டும் தூரம். மில் தொழிலாளர்களுக்காக எழுந்த ஹார்விபட்டியில் இன்னும் பிள்ளைகள் தெருவில் விளையாடுவதைப் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. மதுரையில் இடத்தின் பெயரைக் காது கொடுத்துக் கேளுங்கள். தல்லாகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், சொக்கிகுளம், கரிசல்குளம், தத்தனேரி, உலகனேரி. குளமும் ஏரியுமாக இருந்த ஊர் இது. உயர் நீதிமன்றக் கிளையே 2004இல் உலகனேரிக் கண்மாய் இடத்தில்தான் எழுந்தது. தண்ணீர் தன் வழியை மறக்காது. 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் பெருகி, வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். 1993 வைகை வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். கண்மாய் பார்த்துப் பழகிய நமக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. மடை எங்கே, மறுகால் எங்கே என்று ஊரில் பார்க்கிற கண்ணோடு அங்கேயும் பாருங்கள். தெருவில் பழைய குடித்தனக்காரர் ஒருவரிடம் "மழைத் தண்ணி எது வரைக்கும் ஏறும்?" என்று கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டிவிடுவார். அவனியாபுரம் பக்கம் பார்ப்பவர்கள் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள், ஆடிக் காற்று அடிக்கிற நாளில் ஒரு தடவை போய் நில்லுங்கள்.

வரப்போவதை நம்பி வீடு பார்க்காதீர்கள். தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடைக்கு 32 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் என்று திட்டம் போட்டார்கள், அதைச் சொல்லியும் மனை விற்கிறார்கள். வரட்டும், வந்தால் நல்லதுதான். பிள்ளையின் வயது அதற்காகக் காத்திருக்காது. இன்றைக்கு என்ன பஸ் ஓடுகிறது, அது எத்தனை மணிக்கு வருகிறது, அதுதான் கணக்கு. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாணவர்களுக்கு இலவசப் பாஸ் உண்டு. டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு ஐந்து நிமிட நடையில் வீடு இருந்தால் தாயும் பிள்ளைகளும் ஊர் முழுக்கப் போய் வரலாம். புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும், 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகத்துக்கும் சனிக்கிழமை தோறும் கூட்டிப் போகலாம்.

பள்ளிக்கூடம் பற்றி இரண்டு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். இது தெரியாமல் நம் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய இழந்திருக்கின்றன.

முதலாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இலிருந்தும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021இலிருந்தும் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். "பத்தாவது வரைக்கும் இங்க படிக்கட்டும், பதினொண்ணுக்கு மதுரையில பெரிய தனியார் பள்ளியில சேத்துக்கலாம்" என்று நினைத்தால் அந்த வாசல் அன்றோடு மூடிவிடும். மாநகராட்சிப் பள்ளியும் கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் இந்தக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. மதுரை மாநகராட்சியின் மேல்நிலைப் பள்ளிகள் சிலவற்றுக்குச் சங்கப் பெண்பாற் புலவர்களின் பெயர். ஔவை, வெள்ளிவீதியார், காக்கைப்பாடினியார், பொன்முடியார். இந்தப் பள்ளிகளில் ஒன்றுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பிடித்தால் உங்கள் மூத்தவளுக்கு இரண்டும் கிடைக்கும். நகரமும் கிடைக்கும், அந்த 7.5 சதவீத இடமும் கைவிட்டுப் போகாது. அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு தரும் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே மதுரை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில்தான்.

இரண்டாவது, இளைய பிள்ளைக்கு. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீதம் நலிந்த பிரிவினருக்கு. தமிழ்நாட்டில் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள் என்பதே பிள்ளையின் சீட்டைத் தீர்மானிக்கும். விண்ணப்பம் போடும் முன்பே முகவரி சரியாக இருக்க வேண்டும். வீட்டை ஜூனில் பார்ப்போம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும்.

எந்த வயதில் இடம் மாறுவது என்றும் கேட்பார்கள். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், மிக ஏழ்மையான குடியிருப்புகளிலிருந்த குடும்பங்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் நல்ல இடத்துக்குப் போக உதவினார்கள். பல வருடம் கழித்து ராஜ் செட்டி முதலிய பொருளாதார அறிஞர்கள் கணக்கெடுத்தார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் பெரியவர்களாகி, மாறாதவர்களைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 13க்குப் பிறகு மாறியவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை, சற்றுக் கெடுதலாகவே போனது. அங்கேயும் இங்கேயும் ஒன்றல்ல. கல்லுப்பட்டியை அந்தக் குடியிருப்புகளோடு ஒப்பிடவும் முடியாது. ஆனால் ஆசிரியனாக நான் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. ஒன்பதாவது, பத்தாவதில் ஊர் மாற்றிய பிள்ளைகள் நண்பர்களை இழந்து, அந்த வருடம் முழுவதும் வகுப்பில் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். போவதென்றால் சிறு வயதில் போங்கள். பெரிய வகுப்புக்கு வந்துவிட்டால், முடிந்தவரை இங்கேயே முடிக்கவிடுங்கள். திருமங்கலம் இருபது கிலோமீட்டர் சொச்சம், அதுவும் ஒரு நகரம்தான். மதுரைக்குப் போகாமலே இருப்பதும் பிள்ளைகளுக்காக எடுக்கிற நல்ல முடிவாக இருக்கலாம்.

இப்போது மனதுக்குக் கஷ்டமான ஒன்று. வீடு பார்க்கப் போகும்போது சில இடங்களில், "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்பார்கள். சில இடங்களில் பெயரைக் கேட்டதுமே, "இப்பத்தான் இன்னொருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்பார்கள். கறி சமைப்பீர்களா என்பார்கள். இந்தக் கூட்டத்தில் இருக்கிற சில குடும்பங்களுக்கு இது நூறு வீட்டில் நடந்திருக்கும், எனக்குத் தெரியும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனபோது நடந்திருந்தால் அந்த முகம் வாடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இது அநியாயம். இதைச் சகித்துக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வராது. அப்படி ஒரு கேள்வி கேட்கிற வீடு காலியாகவே கிடக்கட்டும், யாரும் போகாதீர்கள். உங்கள் பதில் அவர்களுக்கு ஏற்றதாக இருந்தாலும் போகாதீர்கள். ஏனென்றால் அந்தத் தெருவில் உங்கள் பிள்ளைக்கு ஒரே மாதிரி நண்பர்கள்தான் கிடைப்பார்கள், நகரத்துக்குப் போகிற பெரிய பலனே அங்கே போய்விடும்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. எழுதுவதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கரண்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்று கேளுங்கள். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை, போர் தண்ணீர் உப்பா என்று ஒரு வாய் குடித்துப் பாருங்கள். ஒத்திக்குப் பிடிப்பவர்கள் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

நூறு வருடத்துக்கு முன் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து நகர அமைப்பு பற்றி அறிக்கை எழுதினார். மதுரையும் அதில் ஒன்று. வரைபடத்தை வைத்துக்கொண்டு கோடு போடாமல் முதலில் சந்து சந்தாக நடந்து பார்க்க வேண்டும் என்பது அவர் முறை. வீடு பார்க்கப் போகிறவர்களுக்கும் அதுதான் முறை. புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடுவார். அந்த நேரத்தில் எல்லாத் தெருவும் அமைதியாக இருக்கும். நீங்கள் வேலை நாளில் காலை எட்டரைக்குப் போங்கள், பிள்ளையோடு. அந்த வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை நடந்து பாருங்கள், பிள்ளையை முன்னால் விட்டு நீங்கள் பத்தடி பின்னால். எத்தனை இடத்தில் ஓடிப்போய்க் கையைப் பிடித்தீர்கள் என்று எண்ணுங்கள். இரண்டு தடவைக்கு மேல் என்றால் அந்த வீடு வேண்டாம். பிறகு சாயங்காலம் ஐந்தரைக்கு அதே தெருவுக்குப் போய், பெட்டிக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நில்லுங்கள். தெருவில் பிள்ளைகள் இருக்கிறார்களா? ஷட்டில் மட்டை, பம்பரம், சைக்கிள், ஏதாவது கண்ணில் படுகிறதா? பெண் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்களா? பெண் பிள்ளைகள் வெளியே நின்று பேசுகிற தெருவில் தைரியமாக வீடு பிடிக்கலாம்.

கடைசியாக, அப்பத்தாமார்கள் பற்றி. நாம் போகும்போது பெரும்பாலும் அவர்களை இங்கே விட்டுவிட்டுத்தான் போகிறோம். ஆடு மாட்டை விட்டு அவர்கள் வர மாட்டார்கள். ஆகவே அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு, எந்த ஏரியா என்பதற்கு, நான் சொல்கிற ஒரே திசை இதுதான்: நம் ஊர் வழியாக ராஜபாளையம் ரோட்டு பஸ் வருகிற பக்கம். என் அம்மா எழுபத்தெட்டு வயது வரைக்கும் மாதம் இரண்டு தடவை இங்கேயிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்தார். மஞ்சள் பையில் கொஞ்சம் கம்பு, முருங்கைக்காய், பேத்திக்குச் சீனி மிட்டாய். பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் தெருவுக்கு வழி கேட்டுக் கேட்டு வருவார், போகப் போக வழியில் இருக்கிறவர்களே பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டார். மாலை நாலு மணி பஸ்ஸுக்கு என் மகள்தான் கூட்டிப் போய் ஏற்றிவிடுவாள்.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஏழூர் அம்மன் திருவிழாவுக்கு என் மகள் இப்போதும் வருகிறாள். ஏழு ஊர் சப்பரத்தில் எது எந்த ஊருடையது என்று தன் பிள்ளைக்குக் கை நீட்டிக் காட்டுகிறாள். அவளுக்கும் இப்போது மதுரையில்தான் வீடு. போன மாதம்தான் மாறினார்கள், பேரனுக்குப் பள்ளி எட்டு நிமிட நடை. நான் எண்ணிப் பார்த்தேன், வழியில் ஒரே ஒரு இடத்தில்தான் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.